‘அக்கியூட்’ என்னும் அடைமொழி

ஆங்கிலத்தில் நோவைக் குறித்து வரும் அடைமொழிகளுள் மாணவர் பெரிதும் மயங்குவது ‘அக்கியூட்’ என்பதாகும். ‘அக்கியூட் பெயின்’ என்பதற்குக் ‘கடுமையான நோ’ எனப் பொருளுரைத்து அமைவர் பலர். அஃது எல்லாவிடத்தும் பொருந்துமா என ஆராய்வாம்.

இச்சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ஆங்கு ‘அக்கூட்டுஸ்’ என்பது கூராக்கப்பட்டது எனப் பொருள்படும். கேத்திரகணிதத்தில் 90 பாகைக்குக் குறைந்த கோணத்தைக் கூர்ங்கோணம் என நாம் வழங்குவதும் இப்பொருள் பற்றியே. கூரிய மதியையும் கூரிய செவியையும் இச்சொல்லாற் சுட்டுவர். தட்டுப்பாடு முதலியவற்றோடு சேருங்கால் மிகுதிப் பொருள் தரும்.

மருத்துவத்திலோ இச்சொல் பெரும்பாலும் காலத்தையே நோக்கும். திடீரெனத் தோன்றிக் குறுகிய காலம் நிற்பது ‘அக்கியூட்’. அதன் மறுதலை ‘குறொனிக்’, அதாவது நாட்பட்டது. காலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 11 ஆவது நோய் வகைப்பாடு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவையும் மீண்டும் மீண்டும் வரும் நோவையும் அது நாட்பட்டதெனக் கொள்ளும்.

ஆகவே, முள் தைத்த விரலின் சிறு நோவும் ‘அக்கியூட்’ ஆகலாம். பல்லாண்டாய் வருத்தும் முழங்கால் நோ எத்துணைக் கொடிதாயினும் ‘குறொனிக்’ எனவே படும். கொடுமையைக் கூற ‘சிவியர்’ என்னும் வேறு சொல் உண்டு.

இவ்வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. வைத்தியசாலைத் துண்டை வீட்டிலுள்ள முதியோர்க்கு வாசித்துப் பொருள் சொல்பவன் பெரும்பாலும் மாணவனே. ‘அக்கியூட்’ என்பதை ஆபத்து என்றும், ‘குறொனிக்’ என்பதைத் தீராதது என்றும் அவன் உரைப்பானாயின், வீணே அவர் மனம் கலங்குவர். மருந்தைக் கைவிடுவாரும் உளராவர்.

நோவின் தன்மையை உரைக்கும் சொற்கள் வேறு. மக்கில் பல்கலைக்கழக உளவியலறிஞர் றொனால்ட் மெல்சாக் 1975 இல் வெளியிட்ட வினாப்பத்திரத்தில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக வகுக்கப்பட்டுள. அவற்றுள் ‘ஷார்ப்’ உண்டு; ‘அக்கியூட்’ இல்லை. நம் வழக்கிலும் குத்து, எரிவு, உளைவு, கடுப்பு என இத்தகைய சொற்கள் பலவுள. தலையிடி என்னும் பெயரே நோவின் தன்மையைக் காட்டி நிற்கின்றது.

எனவே மாணவர் மூன்று வினாக்களை மனத்திருத்துக. எவ்வளவு காலமாக என்பதற்கு விடை ‘அக்கியூட்’ அல்லது ‘குறொனிக்’. எவ்வளவு என்பதற்கு ‘சிவியர்’ அல்லது ‘மைல்ட்’. எத்தன்மைத்து என்பதற்கு ‘ஷார்ப்’ முதலியன. வினாவை அறிந்து சொல்லைத் தேர்வார்க்கு மயக்கமில்லை.