நின்று நின்று ஓடும் கார்: வந்து மறையும் பழுதை அறியும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் காரின் இன்ஜின் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது. சாலையோரம் ஒதுக்கிக் கால் மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் இயங்குகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால் அங்கு எந்தக் குறையும் தென்படுவதில்லை. முற்றிலும் ஓடாத காரைச் சரிசெய்வது மெக்கானிக்குக்கு எளிது. வந்து மறையும் பழுதுதான் அவருக்கும் உரிமையாளருக்கும் பெருஞ்சோதனை. இத்தகைய பழுதுக்காகச் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் பழுதே இல்லாத பாகங்களை மாற்றுவதில் கரைந்துபோகிறது என்பது நமது கருத்து. அதனைத் தவிர்க்க ஒரு முறை உண்டு. அம்முறையில் பாதி வேலை மெக்கானிக்குடையது அன்று; காரை ஓட்டுபவருடையது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். ஐதராபாத்தின் வடமேற்கு விளிம்பில், பெல் தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும் அமைந்துள்ள ராமச்சந்திராபுரத்தில் வசிக்கும் ஒருவரிடம் எட்டு ஆண்டுகள் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மே மாதப் பிற்பகல். வெளியே வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டியிருக்கிறது. பட்டான்செருவில் வேலை முடிந்து, 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே ஊர்ந்து வரும்போது பீரம்குடா அருகில் இன்ஜின் சட்டென அணைகிறது. இருபது நிமிடங்கள் கழித்து மீண்டும் இயங்குகிறது. காலையில் அதே சாலையில் செல்லும்போது எந்தத் தொல்லையும் இல்லை. முதல் பட்டறையில் பேட்டரியை மாற்றுகிறார்கள். இரண்டாவது பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுகிறார்கள். மூன்றாமவர், பெட்ரோல் டேங்கினுள் இருக்கும் எரிபொருள் பம்பை மாற்றச் சொல்கிறார். மூவருமே நேர்மையானவர்கள் எனக் கொள்வோம். ஆயினும் மூவருமே ஊகித்தனர்; ஒருவரும் சோதிக்கவில்லை.

பெட்ரோல் இன்ஜின் இயங்கக் காற்று, எரிபொருள், தீப்பொறி ஆகியவை உரிய நேரத்தில் சேர வேண்டும். இன்றைய கார்களில் அந்த நேரத்தைக் கணிப்பது ஈ.சி.யு. எனப்படும் கணினி. இன்ஜினின் கிராங்க் தண்டு இப்போது எந்த நிலையில் சுழல்கிறது என்பதை அக்கணினிக்குத் தெரிவிப்பது கிராங்க் சென்சார் என்னும் சிறு கருவி. எனவே, ‘இன்ஜின் ஏன் நின்றது?’ என்ற கேள்வி மிகப் பரந்தது. ‘அது நின்ற கணத்தில் இவற்றுள் எது இல்லாமற்போனது?’ என்பதே சரியான கேள்வி. அதற்கான விடை அந்தக் கணத்திலும் அதனையடுத்த சில நிமிடங்களிலும் மட்டுமே கிடைக்கும். பட்டறையை அடைந்து இன்ஜின் குளிர்ந்துவிட்டால் சாட்சியும் மறைந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் காண வேண்டியவை

முதலில், நின்ற விதம். விளக்கை ஊதி அணைத்ததுபோல் ஒரே கணத்தில் நின்றதா? அல்லது திணறி, இழுவை குறைந்து, மேம்பாலம் ஏறும்போது தடுமாறிப் பின்னர் நின்றதா? முன்னது பெரும்பாலும் மின்சாரம் சார்ந்தது. பின்னது பெரும்பாலும் எரிபொருள் சார்ந்தது.

இரண்டாவது, ஆர்.பி.எம். முள். கியரில் இருக்கும்போதே இன்ஜின் அணைந்தால், கார் உருளும் வேகத்தில் சக்கரங்கள் சிறிது தூரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்போதும் முள் சட்டெனப் பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுழல்வதே கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார்மீது ஐயம் வலுப்படும். மீண்டும் செல்ஃப் அடிக்கும்போதும் அம்முள்ளைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் அது சற்றே உயர்ந்து துடிக்கும். முன்பு துடித்த முள் இப்போது அசையாமல் கிடந்தால் ஐயம் மேலும் உறுதியாகிறது.

மூன்றாவது, சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பிச் செவிசாய்க்க வேண்டும். பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு விநாடிகள் ரீங்காரம் போன்ற ஒலி கேட்டால், எரிபொருள் பம்பிற்கு மின்சாரம் சென்று அது சுழல்கிறது எனலாம். ஒலியும் இல்லை, வழக்கமாக எரியும் ‘செக் இன்ஜின்’ விளக்கும் எரியவில்லை எனில், கணினிக்கே மின்சாரம் செல்லவில்லை. அவ்வாறாயின் பிரதான ரிலே, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் ஆகியவற்றில் தேட வேண்டும். 1990களின் ஹோண்டா கார்களில் இந்த ரிலே இக்காரணத்துக்காகவே பெயர்பெற்றது. அதனுள் இருந்த ஈயப் பற்றவைப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். வெயிலில் நிறுத்திய கார் சூடேறியதும் அவை விரிந்து தொடர்பு அறுபடும். குளிர்ந்தவுடன் மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

நமது எடுத்துக்காட்டில் வரும் கார் திணறாமல் நின்றது. செல்ஃப் அடித்தபோது முள் அசையவில்லை. சாவியைத் திருப்பியதும் பம்பின் ஒலி இரண்டு விநாடிகள் கேட்டது. இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதியிருந்தால், மூன்றாமவர் பம்பை மாற்றச் சொல்லியிருக்கமாட்டார். வெப்பத்தில் கிராங்க் சென்சாரின் உட்சுருள் அறுபட்டு, குளிர்ந்ததும் மீண்டும் இணைகிறது என்பதே இங்குப் பொருந்தும் விளக்கம்.

ஆயினும் அவர் பம்பின்மீது ஐயம் கொண்டதற்குக் காரணம் உண்டு, அது அறிந்துகொள்ளத்தக்கது. சாவியைத் திருப்பியதும் இரண்டு விநாடிகள் பம்பை இயக்கும் கணினி, அதன் பின்னர் இன்ஜின் சுழல்வதாகச் செய்தி வந்தால் மட்டுமே அதனைத் தொடர்ந்து இயக்கும். விபத்து நேர்ந்தால் பெட்ரோல் வெளியே பீறிடாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆகவே சென்சார் செயலிழந்தால் பம்பும் நின்றுவிடும். எரிபொருள் அழுத்தம் இல்லை என்று கருவி காட்டும். அது மெய்தான், ஆனால் பம்ப் குற்றவாளி அன்று, அதற்கு வேலை நிறுத்தச் சொன்னது வேறொருவர். தீப்பொறியும் எரிபொருளும் ஒருசேர இல்லாமற்போனால், அவ்விரண்டுக்கும் பொதுவான ஒன்றையே முதலில் ஐயுற வேண்டும்.

இங்கு நம் பழைய ஓட்டுநர்களின் ஈரத்துணியை நினைவுகூர்வது தகும். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில், கோடையில் வண்டி நின்றுவிட்டால் பானட்டைத் திறந்து, இன்ஜினோடு இணைந்திருந்த பெட்ரோல் பம்பின்மீது நனைத்த துணியைச் சுற்றுவார்கள். குழாயினுள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் அடைத்துக்கொள்வதே அன்றைய நோய். இன்றைய பம்ப் டேங்கினுள் இருந்துகொண்டு மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுவதால் அந்நோய் பெரிதும் அருகிவிட்டது. ஆனால் ஈரத்துணி ஒரு மருந்து மட்டுமன்று, ஒரு சோதனையும் ஆகும். ஒரே ஒரு பாகத்தை மட்டும் குளிரச்செய்து, இன்ஜின் உயிர்பெறுகிறதா என்று பார்ப்பது அதன் உட்பொருள். தேர்ந்த மெக்கானிக் இன்றும் அதனையே செய்கிறார். பட்டறையில் ஓடும் காரின் சென்சாரைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கிறார். அணைந்தால் அதுவே தீர்ப்பு.

ஸ்கேனர் பற்றியும் கூற வேண்டும். இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு 2010 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. என்னும் தற்சோதனை வசதியும், 2013 ஏப்ரல் முதல் அதன் விரிவான இரண்டாம் நிலையும் கட்டாயமாயின. பழுது பதிவான கணத்தில் வேகம், வெப்பம், ஆர்.பி.எம். ஆகியவை எவ்வாறிருந்தன என்பதைக் கணினி ஒரு நிழற்படம்போல் சேமித்து வைக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல கார்களில் அது அழிந்துவிடும். ஆதலால் ஸ்கேன் செய்யும் முன்னர் பேட்டரியைத் தொட அனுமதிக்க வேண்டாம். பி 0335 என்னும் குறியீடு கிராங்க் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும். சென்சாரையா, அதற்குச் செல்லும் ஒயரையா, இணைப்பானையா என்று அது சொல்லாது. குறியீடே பதிவாகாமல் இன்ஜின் நிற்பதும் உண்டு. குறியீடு இல்லையெனில் பழுதும் இல்லை என்று கூறும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

சிக்னலில் வேகம் குறைந்து நிற்கும்போது மட்டும், அதுவும் ஏ.சி. இயங்கும்போது, இன்ஜின் அணைந்து உடனே மீண்டும் ஸ்டார்ட் ஆகுமானால், காற்று செல்லும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கக்கூடும். அதனைச் சுத்தம் செய்வது சிறு வேலை. மேடுபள்ளத்தில் அணைந்தால் பேட்டரி முனைகளையும் எர்த் ஒயரையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் நிரப்பிய மறுநாளே, அதிலும் மழைக்காலத்தில், தொல்லை தொடங்கினால் எரிபொருளை ஐயுறலாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். நீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கில் எப்போதும் சொற்ப பெட்ரோலே வைத்து ஓட்டும் வழக்கம் பம்பிற்கு வேறொரு வகையிலும் கேடு. பம்பைச் சூடேறாமல் காப்பது அதனைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோலே.

தயாரிப்பிலேயே குறை இருந்தால்

சில வேளைகளில் குறை உங்கள் காரில் மட்டுமல்லாமல் அந்த வகைக் கார்கள் பலவற்றிலும் இருக்கும். எரிபொருள் பம்பில் குறை இருக்கக்கூடும் என்பதற்காக மாருதி சுசூகி நிறுவனம் 2020 ஜூலையில் வேகன்ஆர், பலேனோ வகைகளில் 1,34,885 கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் மேலும் 16,041 கார்களை அழைத்தபோது, அரிதாக இன்ஜின் நின்றுபோகலாம் என்று வெளிப்படையாகவே கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா நிறுவனம் பம்பின் உட்சக்கரக் குறைக்காக 90,468 பழைய கார்களை அழைத்தது. இத்தகைய அழைப்பின்கீழ் பாகம் இலவசமாக மாற்றப்படும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்துள்ளது. ஆனால் பழைய கார் வாங்கியவருக்கு அழைப்புக் கடிதம் வந்து சேராமற்போகலாம். அது முதல் உரிமையாளரின் முகவரிக்குச் சென்றிருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டுப் பார்ப்பது, பழைய கார் வாங்குவோர் தவறாமல் செய்ய வேண்டிய பணி. பணம் கொடுத்துப் பம்ப் மாற்றும் முன்னர் மற்றவர்களும் அதனைச் செய்யலாம்.

இன்ஜின் நிற்பதைச் சிறு தொல்லையாகக் கருதியதன் விலையை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. கோபால்ட் உள்ளிட்ட அதன் சில கார்களில் சாவி ஸ்விட்ச் தேவையான இறுக்கமின்றி இருந்தது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானே பின்னோக்கித் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், அத்துடன் விபத்தில் ஏர்பேக்கும் விரியாது. நிறுவனத்தின் பொறியாளர்கள் இதனை நெடுங்காலம் பாதுகாப்புச் சிக்கலாகக் கொள்ளாமல், வாடிக்கையாளரின் வசதி சார்ந்த குறையாகவே வகைப்படுத்தி வைத்திருந்தனர். 2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம் செவிலியர் இவ்வகைக் காரில் உயிரிழந்தார். சில நாள்களுக்கு முன்னர்தான் ஓடும்போது இன்ஜின் நிற்கிறது என்று அவர் காரைப் பணிமனையில் விட்டிருந்தார். எரிபொருள் பாதையைச் சுத்தம் செய்து திருப்பித் தந்திருந்தனர். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில் அமர்த்தப்பட்ட ஒரு பொறியாளர், விபத்துக்குள்ளான காரின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புதிய ஸ்விட்சையும் பிரித்து ஒப்பிட்டார். இரண்டுக்கும் ஒரே பாக எண்; ஆனால் உள்ளிருந்த ஸ்பிரிங்கும் அதன் முனையும் வெவ்வேறு அளவில் இருந்தன. எண்ணை மாற்றாமலே பாகத்தைத் திருத்தியிருந்தனர். 2014இல் ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியத்தால் ஏற்கப்பட்ட மரணங்கள் 124. சாவியுடன் வீட்டுச் சாவி, பீரோ சாவி அனைத்தையும் கோத்துத் தொங்கவிடும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதால் இதனைச் சற்று விரிவாகவே கூறினோம்.

ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கிற்கு ஓரிரு முறை அழுத்தும் அளவுக்கே உதவிவிசை மிஞ்சியிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். நான்கு மின்விளக்குகளையும் சிமிட்டவிட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். கார் உருளும்வரை சாவியை உருவக்கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்னும் எண்ணில் உதவி கிடைக்கும். புறவட்டச் சாலை போன்ற அதிவேகச் சாலைகளுக்கு இந்நிலையில் உள்ள காரை எடுத்துச் செல்லாமலிருப்பதே நன்று.

மோட்டார் காப்பீடு இயந்திர, மின் பழுதுகளுக்குப் பொருந்தாது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி இருந்தால் பொருந்தக்கூடும். எனவே பட்டறையில் கார் விடும்போது, ‘இன்ஜின் பிரச்சினை’ என்று ஒரு வரியில் எழுத விடாமல், நாம் குறித்துவைத்த நேரம், வெப்பம், வேகம், முள்ளின் நிலை, பம்பின் ஒலி ஆகியவற்றை வேலைச்சீட்டிலேயே எழுதச் செய்யுங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில் பாகம் மாற்றப்படுகிறது என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பெறுங்கள். ராமச்சந்திராபுரத்துக் காரைப் பொறுத்தவரை, சென்சாரை மாற்றிய பின் மாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. மேலும் ஒரு வாரம், அதே பிற்பகல் வெயிலில், அதே பட்டான்செருச் சாலையில், அதே நெரிசலில் அது ஓட வேண்டும். அதுவரை பட்டறையின் ரசீதைக் கையுறைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.