விற்றமின் டியும் டயலிசிஸ் நோயாளியின் இதயமும்

வெயில் படும்போது நம் தோலில் விற்றமின் டி உருவாகிறது என்று படித்திருக்கிறோம். ஆனால் அது அப்படியே வேலை செய்யாது. ஈரலில் ஒரு மாற்றம், பின்பு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடந்த பிறகே அது கல்சிட்ரியோல் என்னும் ஓமோனாகி, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுகிறது.

சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் கடைசிப் படி தடைப்படும். சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொசுபேற்றும் இரத்தத்தில் தேங்கும். இதனால் கழுத்திலுள்ள பரா தைரொயிட் சுரப்பிகள் தூண்டப்பட்டு, எலும்பிலுள்ள கல்சியத்தை இரத்தத்துக்கு எடுக்கச் செய்யும். அந்தக் கல்சியம் இரத்தக் குழாய்ச் சுவர்களில் படியலாம். விரிந்து சுருங்க வேண்டிய நாடிகள் விறைத்துப்போக, இதயத்தின் வேலை கூடுகிறது. டயலிசிஸ் செய்வோரின் மரணங்களுக்கு முதற் காரணம் இதய, இரத்தக் குழாய் நோய்களே. சிறுநீரகத்தைப் பற்றியே கவலைப்படும் வீடுகளில் இது பேசப்படுவது குறைவு.

என் மாமா டயலிசிஸ் செய்து வருகிறார். அவருக்கு விற்றமின் டி குறைவு என்று அறிக்கை வந்ததும், பார்க்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு குளிசையின் பெயர் சொன்னார்கள். "ஹார்ட்டுக்கும் நல்லதாம். நீங்கதானே மகள் பயோ படிக்கிற, பார்த்துச் சொல்லுங்க" என்றார் மாமி. தேடிப் படித்தேன்.

ஜேர்மனியில் நீரிழிவோடு டயலிசிஸ் செய்த 1108 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2010இல் வெளியானது. விற்றமின் டி மிகக் குறைந்திருந்தோருக்கு, போதியளவு இருந்தோரைவிடத் திடீர் இதய மரண ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் யாரும் நேரே பாமசிக்குத்தான் போவார்கள். ஆனால், எழுந்து நடக்க முடியாதவருக்கு வெயில் எங்கே படும்? பசியே இல்லாதவர் மீனும் முட்டையும் எப்படிச் சாப்பிடுவார்? விற்றமின் குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் விற்றமின் குறைந்ததா என்பதை இப்படியான ஆய்வு சொல்லாது. நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் அதைச் செய்தார்கள். 976 டயலிசிஸ் நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு அல்பாகல்சிடோல் என்னும் விற்றமின் டி மருந்து, நாளுக்கு 0.5 மைக்கிரோகிராம் வீதம், நான்கு ஆண்டளவில் கொடுக்கப்பட்டது. 2018இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தோரில் 21.1 வீதமானோருக்கும், எடுக்காதோரில் 17.9 வீதமானோருக்கும் இதய, இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் ஏற்பட்டிருந்தன. தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடுதான் இது. ஆகவே மருந்து கெடுத்தது என்று சொல்ல முடியாது. காப்பாற்றியது என்று சொல்ல இடமே இல்லை.

இதைக் கேட்டு, வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. ஜப்பானிய ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பரா தைரொயிட் ஓமோன் கூடியிராதவர்கள். அது கூடியவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தவே இம்மருந்து கொடுக்கப்படுகிறது. அப்போதும் இரத்தத்தை அடிக்கடி சோதித்து அளவை மாற்றுவார்கள். ஏனென்றால் இம்மருந்து குடலிலிருந்து கல்சியத்தோடு பொசுபேற்றையும் கூடுதலாக உள்ளே எடுக்கும். சோதனையில்லாமல் கடையில் வாங்கிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். கிளினிக்குக்குப் போகும்போது கல்சியம், பொசுபேற்று, பரா தைரொயிட் ஓமோன் ஆகிய மூன்றின் அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோய், வீட்டில் வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.