கணினிக்கு மீண்டும் குரல் தருவோம்

கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவியபின் சில வேளைகளில் ஒலி எழாது, இணையமும் கிட்டாது. உறுப்புகள் பழுதுபட்டன என்று நாம் உடனே அஞ்ச வேண்டியதில்லை. உறுப்பை இயக்கும் முறையை விண்டோஸுக்கு எடுத்துரைக்கும் 'டிரைவர்' என்னும் நிரல் அங்கு இல்லாதிருக்கலாம்.

'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில், அத்தகைய உறுப்பின் அருகே மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி தோன்றும். அதன் 'ஹார்டுவேர் ஐடி'யில் இரு எண்களைக் காண்போம். ஒன்று தயாரிப்பாளரையும், மற்றது உறுப்பையும் குறிக்கும். 8086 என்றால் இன்டெல். 1002 என்றால் ஏஎம்டி.

நாம் முதலில் மீட்க வேண்டியது இணையத் தொடர்புக்குரிய டிரைவரையே. வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே அதனை இறக்கிப் பென்டிரைவில் கொணர்வோம். மற்றவற்றைப் பெரும்பாலும் 'விண்டோஸ் அப்டேட்' தேடித் தரும்.

அழிக்கும் முன்னரே அந்த ஒரு டிரைவரைச் சேமித்து வைத்தால் இத்தொல்லையும் இல்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவோமாக!