பண்டிகையும் வரும், லோடும் வரும்! லாரித் தம்பதிகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

குறுவை அறுத்து முடிக்கும் நேரத்தில் தீபாவளி, சம்பா அறுக்கத் தொடங்கும் நேரத்தில் பொங்கல். நல்ல நாளும் லோடு ஏற்றும் நாளும் ஒன்றாகவே வருகிற சீமை நம்முடையது. 3,000 கலம் நெல் கொள்ளும் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் நிற்கிற பாபநாசத்தில் நெல்லுக்கும் அரிசிக்கும் வண்டி ஓடாமல் இருக்குமா? வீட்டுக்காரரோடு தானும் கேபினில் ஏறி, பண்டிகையை ரோட்டிலேயே கழிக்கிற தோழிகளுக்காக இந்தக் குறிப்புகள். முன்கூட்டியே கொஞ்சம் யோசித்துவிட்டால் நாளும் விட்டுப்போகாது, கைக்காசும் கரையாது.

கிளம்பும் முன்

1. இறுக்கமான மூடி போட்ட ஒரு டப்பாவைப் பண்டிகைக்கென்றே ஒதுக்குங்கள். சின்ன அகல், திரி, தீப்பெட்டி, மஞ்சள், குங்குமம், விபூதி, சாம்பிராணி, சாக்பீஸ் எல்லாம் அதில் வருஷம் முழுக்க இருக்கட்டும். மொழி தெரியாத ஊரில் கடை தேடி அலைந்து, இரட்டை விலை கொடுக்கும் வேலை மிச்சம்.

2. பண்டிகை வாரத்தில் ஆர்.டி.ஓ. ஆபீசும் பூட்டு, ஏஜென்ட்டும் ஊருக்குப் போயிருப்பார். எஃப்.சி., இன்சூரன்ஸ், பொல்யூஷன், பெர்மிட், லைசென்ஸ் ஐந்தும் முடியும் தேதியைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டம் போட்டு வையுங்கள். கனரக வாகன லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டு வருவதுதான் பலருக்கும் மறந்துபோகிறது.

3. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. போய்ச் சேரும் இடத்தில் கோடவுன் விடுமுறை என்றால் பில் காலாவதியாகிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும், முடிந்த பிறகு 8 மணி நேரம் வரையும் நீட்டிக்கலாம். லோடு ஏற்றும்போதே 'அங்கே இறக்க ஆள் இருக்கிறார்களா' என்று கேட்டு, டிரான்ஸ்போர்ட் ஆபீசில் பில்லை நீட்டித்துத் தருபவரின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் சென்னையிலிருந்து தெற்கே வரும் ரோடு நெரிசல். முடிந்ததும் எதிர்ப்பக்கம் நெரிசல். நம் லோடைப் பண்டிகைக்கு முன் சென்னைக்குப் போவதாகவும், பண்டிகை முடிந்ததும் ஊர் திரும்புவதாகவும் கேட்டு வாங்கினால் பரனூர் டோல்கேட்டில் டீசலை எரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிற வண்டிக்கு மைலேஜும் நன்றாகக் கிடைக்கும்.

5. ஃபாஸ்டேக்கில் முதல் நாளே பணம் போட்டுவிடுங்கள். தொடர் விடுமுறையில் ஏ.டி.எம். காலியாகும், காட்டுப் பாதையில் போனில் சிக்னல் இருக்காது. 100, 50 ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் மாற்றி, சீட்டுக்கு அடியில் பாதி, அரிசி டப்பாவில் பாதி என்று பிரித்து வையுங்கள்.

6. வீடு பூட்டியிருந்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ரோந்து வரும்போது ஒரு கண் வைப்பார்கள். பால்காரரையும் பேப்பர்காரரையும் நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள். தினமும் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டால், ஆள் இல்லாத வீடு என்றே தெரியாது.

கேபின் அடுப்படி

7. ரோட்டுக்கு 5 கிலோ சிலிண்டர்தான் தோது. பெட்ரோல் பங்க் பலவற்றில் கிடைக்கும், காலியானால் மாற்றிக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வையுங்கள். எவ்வளவு குளிரானாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அடுப்பு மூட்டவே கூடாது. புகையே தெரியாமல் உயிரை எடுக்கும்.

8. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்க மிதக்கச் சுண்டவைத்து பாட்டிலில் எடுத்துக்கொண்டால் வாரக்கணக்கில் கெடாது. எங்கே நிறுத்தினாலும் சாதம் மட்டும் வடித்தால் போதும். ஈரக்கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

9. இட்லியின் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழை இலையில் கட்டினால் மறுநாள் காலைவரை மெத்தென்று இருக்கும். சட்னி, சாம்பார் என்று தூக்கு வாளி சுமக்க வேண்டாம். மாவை எடுத்துப்போய் கேபின் சூட்டில் பொங்கவிட்டுத் துடைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

10. தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடித்து, ஆறவைத்த பால் நிறையவும் தயிர் ஒரே ஒரு ஸ்பூனும் விட்டுப் பிசையுங்கள். வண்டி கும்பகோணம் தாண்டி விக்கிரவாண்டி போவதற்குள் பதமாக உறைந்திருக்கும், புளிக்காது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காயும் மோர்மிளகாயும் இருந்தால் தாபா செலவு ஒரு வேளை மிச்சம்.

11. திருகு மூடி பாட்டிலில் பாதியளவு தயிரும் தண்ணீரும் உப்பும் போட்டு, டேஷ்போர்டு பக்கம் செருகி வையுங்கள். நம் ரோட்டுக் குலுக்கலில் மத்து இல்லாமலே மோர் கடைந்து கிடைக்கும். பாட்டிலை நிறைய ஊற்றினால் குலுங்காது, அதனால் பாதிதான்.

12. முட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தால் எந்தப் பள்ளத்திலும் உடையாது. அதே டப்பாவில் ஒரு துண்டு வசம்போ காய்ந்த வேப்பிலையோ போட்டுவிட்டால் அரிசியில் வண்டும் வராது.

13. இரவு படுக்கும் முன் கழுவிய அரிசி நொய்யையும் கொதிக்கிற தண்ணீரையும் அகல வாய் ஃபிளாஸ்க்கில் போட்டு மூடிவிடுங்கள். விடிகாலையில் சுடச்சுடக் கஞ்சி தயார், காஸும் மிச்சம். பண்டிகை நாளில் தாபா அடைத்திருந்தாலும் கவலையில்லை.

14. தண்ணீர் பாட்டிலைச் சணல் சாக்குத் துண்டால் சுற்றி, நனைத்து, காற்றுப் படுகிற பக்கம் கட்டித் தொங்கவிடுங்கள். சாக்கு ஈரமாக இருக்கிறவரை தண்ணீர் ஜில்லென்று இருக்கும். டோல்கேட்டில் கூலிங் பாட்டில் வாங்கும் காசு அப்படியே நிற்கும்.

ரோட்டில் நல்ல நாள்

15. தீபாவளிக் குளியலுக்கு நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வைத்தால், பங்க் குழாய்த் தண்ணீரோடு கலந்து விடியும் முன் குளித்துவிடலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு தூக்கம் கேட்கும், அதனால் அன்று ஒரு தூக்கம் போட்ட பிறகே ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும்.

16. பால் சேர்ந்த இனிப்பு வெயிலில் ஒரே நாளில் மணம் மாறிவிடும். ரவா லாடு, பொருள்விளங்கா உருண்டை, அதிரசம், முள்ளு முறுக்கு எல்லாம் லாரிக்கு ஏற்றவை. தூக்கு டப்பாவின் அடியில் ஒரு காகிதம் விரித்து அடுக்கினால் குலுக்கலில் நொறுங்காது.

17. சிவகாசி வழியாக வந்தாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, பட்டாசை வண்டியில் ஏற்றாதீர்கள். டீசலும் காஸும் இருக்கிற இடத்தில் ஒரு பொறி போதும், சட்டப்படியும் குற்றம். பிள்ளைகளுக்கு ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கொளுத்தும்போது வீடியோ காலில் கூடவே இருக்கலாம்.

18. பொங்கல் பொட்டலம் வீட்டிலேயே கட்டுங்கள்: பச்சரிசி ஒரு பங்கு, வறுத்த பாசிப்பருப்பு கால் பங்கு ஒன்றாக, பொடித்த வெல்லம் தனியாக, நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலக்காய் தனியாக. ரோட்டில் குக்கர் வைத்தால் அரை மணியில் சர்க்கரைப் பொங்கல். பால் பொங்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டால், சின்னப் பாத்திரத்தில் பாக்கெட் பாலை முதலில் பொங்கவிட்டு, 'பொங்கலோ பொங்கல்' சொல்லிவிட்டு அந்தப் பாலைக் குக்கரில் ஊற்றுங்கள்.

19. நெடுஞ்சாலைக் காற்றில் கோலமாவு நிற்காது. சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் கோலம் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். வண்டியை ரோட்டை விட்டு நன்றாக இறக்கி நிறுத்திய பிறகுதான், அதுவும் முன்சக்கரத்துக்கு உள்பக்கமாகப் போடுங்கள்.

20. மாட்டுப்பொங்கல் காலையில் கணுப்பிடி வைக்க முந்தின நாள் சாதமே போதும். மஞ்சள், குங்குமம் பிசைந்த உருண்டையும் தயிர்சாத உருண்டையும் ஒரு இலைத் துண்டில் வைத்து, கூடப்பிறந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். காக்கை எல்லா மாநிலத்திலும் உண்டு. அண்ணன் தம்பிக்கு ஒரு போனும் போட்டுவிட்டால் நிறைவாக இருக்கும்.

21. ஆயுதபூஜைக்கு மாலையும் மாவிலையும் கட்டும்போது ஹெட்லைட், கண்ணாடி, நம்பர் பிளேட் மூன்றையும் மறைக்காதீர்கள். முன்கண்ணாடியில் பூசிய சந்தனத்தை ஈரத்துணியால் எடுத்த பிறகே வைப்பர் போடுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். திருஷ்டிப் பூசணிக்காயை ஓரமாக உடைத்து, ஓட்டைக் கையோடு அள்ளிவிடுங்கள்; நடுரோட்டில் கிடந்தால் பின்னால் டூவீலரில் வருகிற பிள்ளை வழுக்கி விழும்.

22. ஆடிப் பதினெட்டன்று குடமுருட்டிப் படித்துறைக்கு வர முடியாவிட்டால் என்ன, 44-ம் நெடுஞ்சாலையில் துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை என்று எத்தனை ஆறு! பாலத்தின் மேல் நிறுத்துவதும் அங்கிருந்து வீசுவதும் வேண்டாம். ஊர்க்காரர்கள் இறங்குகிற துறையைக் கேட்டுப் போய், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாருங்கள். சித்ரான்னம் கட்டுச்சோறாகவே பிறந்ததுதானே, அன்றைக்குச் சமையலும் சுலபம்.

ஓட்டமும் உடம்பும்

23. மூடி போட்ட வாளியில் அழுக்குத் துணி, சோப்புத்தூள், பாதி அளவு தண்ணீர் விட்டு, நகராமல் கட்டிவிடுங்கள். அடுத்த நிறுத்தத்துக்குள் வண்டியே துவைத்துக் கொடுத்துவிடும், அலசிப் பிழிந்தால் போதும். வெள்ளைத் துணியைச் சாயம் போகிற துணியோடு சேர்க்காதீர்கள்.

24. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசம். டீசல் போடாவிட்டாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்புதான் மிஞ்சும். சுத்தமாக இருக்கிற பங்க்கின் பெயரை ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைத்து, வழியில் பார்க்கிற தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

25. கேரளத்து ஏற்றுமானூர் ஜலஜா - ரதீஷ் தம்பதி லாரியை மாற்றி மாற்றி ஓட்டி காஷ்மீர்வரை போனதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகியிருந்தால் நீங்களும் போக்குவரத்து வாகன எல்.எல்.ஆருக்கு எழுதிப் போடலாம். ஓட்டுநர் ஒருவரோ இருவரோ, 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்பது 1961-ம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் தந்த உரிமை. பண்டிகை அவசரத்திலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

26. பொங்கல் சமயத்தில் குவாலியர், ஆக்ரா பக்கம் விடிந்தும் மூடுபனி விலகாது. முன்கண்ணாடியில் வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் நீர் படியாமல் வழியும். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கினால் உள்ளே ஆவி கட்டாது. பத்தடி தெரியாவிட்டால் தாபாவில் ஒதுங்கி, வெயில் வந்த பிறகு கிளம்புவதே லாபம்.

27. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி படுத்துவிட்டாலோ விபத்து என்றாலோ 1033-க்குப் போன் போடுங்கள்; வேறெந்த அவசரத்துக்கும் 112. இரண்டு நம்பரையும் பெரிய எழுத்தில் கேபின் கதவில் ஒட்டிவிடுங்கள். அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் உதவி சீக்கிரம் வந்து சேரும்.

வீடு திரும்பும்போது

28. வருஷத்துச் சாமானை வழியிலேயே வாங்குங்கள்: குண்டூர் மிளகாய், கலபுரகி துவரம்பருப்பு, நாக்பூர் ஆரஞ்சு, ஈரோட்டு மஞ்சள். நாலு வீட்டுக்குச் சேர்த்து மொத்தமாக எடுத்தால் விலையும் இறங்கும், பண்டிகைச் சீருக்கும் ஆகும். லோடு எடையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்து, ஓவர்லோடு ஆகாத அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

29. விட்டுப்போன பண்டிகையை ஊர் வந்ததும் ஒரு நாள் வைத்துக் கொண்டாடுங்கள். பிள்ளைகளுக்குப் புதுத்துணியையும் அன்றைக்கென்று ஒன்று எடுத்து வையுங்கள். பண்டிகை முடிந்த பிறகு துணி, கரும்பு, பூ எல்லாமே விலை இறங்கியிருக்கும். வருகிற தேதியை மட்டும் பிள்ளைகளிடம் ஒரு நாள் தள்ளியே சொல்லுங்கள்: வழியில் தாமதமானால் அவர்கள் வாடமாட்டார்கள், முன்னால் வந்துவிட்டால் அதுவே பெரிய தீபாவளி.