நாளும் சில பாடல்கள்



கல்வி என்றவுடன் தேர்வும் சான்றிதழுமே நம் நினைவுக்கு வருகின்றன. பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த அடியேனும் இதற்கு விலக்கல்லன். "இந்தக் குறள் தேர்வில் வரும், குறித்துக்கொள்" என்று சொல்லியே பாடம் நடத்தினேன். தேர்வு முடிந்தது, மாணவர்கள் நூலை மூடினார்கள். மூடக் கற்றுக்கொடுத்தவன் நானே என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது.

அப்படியானால் உண்மையான கல்வி எது? உ.வே.சாமிநாதையர் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது.

தோரணம் கட்டிய வீடு

ஐயர் திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்டார். அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கரைகண்ட ஐயர் அந்நூலைப் படித்திருக்கவில்லை.

படிக்கத் தொடங்கியபோது சமண சமயக் கருத்துகள் பல அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்டு, உள்ளூர்ச் சமணர் ஒருவர் வீட்டுக்குச் சென்றார். அங்கே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. திருமணமோ என்று எண்ணினார். இல்லை, அக்குடும்பத்தார் ஆறு மாத காலம் சிந்தாமணியைத் தொடர்ந்து கேட்டு நிறைவு செய்திருந்தார்கள். அதற்கான கொண்டாட்டம் அது!

பெரும்புலவருக்கு எட்டாத பொருள், நாள்தோறும் கேட்டு வந்த குடும்பத்தாருக்கு எட்டியிருந்தது. சைவ மடத்தில் கற்ற ஐயர் அவர்களிடம் பணிவுடன் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பின்னர் அவர் கையாலேயே அச்சேறின.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் புராண படனம் என்னும் வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணத்தைப் படிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கூடியிருப்போர் கேட்பர். அவர்களுக்குக் கோயிலே பள்ளிக்கூடம்.

இதில் கிடைப்பது என்ன?

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இசையையும் கூத்தையும் கற்பிக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதை ஒரு துறைமுக நகரின் வாழ்வைக் காட்டுகிறது. வழக்குரை காதை ஆள்வோர் நீதியைப் பேசுகிறது. மணிமேகலை பசித்தோர்க்கு உணவிடும் அறத்தைச் சொல்கிறது. அன்னதானத்திற்கு வாரி வழங்கும் நம் நன்கொடையாளர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல். பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையும் அதில் உண்டு. பல இனத்தவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் சிங்கப்பூரில், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கத்தைவிடப் பெரிய கல்வி வேறென்ன?

எப்படித் தொடங்குவது?

திருக்குறளில் நாளுக்கு ஓர் அதிகாரம் படித்தால் 133 நாள். சிலம்பிலும் மணிமேகலையிலும் நாளுக்கு ஒரு காதை என்றால் முப்பது முப்பது நாள். ஆக 193 நாள். ஆறரை மாதத்திற்குள் மூன்று நூல்கள்! நீண்ட காதைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாலும் குறையில்லை. அடுத்த ஆண்டு பெரியபுராணத்தைத் தொடங்கலாம். நாள்தோறும் பன்னிரண்டு பாடல்கள் படித்தால் ஓராண்டில் நிறைவுறும்.

மாலையில் விளக்கேற்றிய பிறகு கால் மணி நேரம் போதும். உரையுடன் கூடிய நூலாக இருக்கட்டும். வாய்விட்டுப் படியுங்கள். பேரப்பிள்ளை ஒரு வரி படிக்க, தாத்தாவோ பாட்டியோ பொருள் சொல்லலாம். தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஐயரே கேட்டுத்தானே தெரிந்துகொண்டார்! நூல் வாங்க இயலாதவர்களுக்கு நூலகங்கள் உள்ளன. சுவா சூ காங் வட்டாரத்தார்க்கு லாட் ஒன் கடைத்தொகுதியிலேயே ஒன்று இருக்கிறது.

நம் வீட்டில் தமிழ் ஒலிக்கும் நேரம் குறைந்து வருவதை நாம் அறிவோம். இந்தக் கால் மணி நேரமாவது ஒலிக்கட்டும்.

ஒரு நூலை நிறைவு செய்யும் நாளில் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டார் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். "ஒரு நூலைப் படித்து முடித்தோம்" என்று பெருமையுடன் சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக!