பெயர் மாறிய பெருங்கப்பல்

மாணவர்களே! கடற்கரையில் நின்று அடிவானத்தை நோக்குங்கால், தொலைவிற் செல்லும் கப்பல் ஒரு கரும்புள்ளியாகவே தோன்றும். அதன் பெயர் யாது, எங்குச் செல்கிறது, எதைச் சுமந்துள்ளது என்பன கண்ணுக்குப் புலப்படா. எண்ணெய்க் கப்பலாயின் இவற்றை அறிந்தே ஆகவேண்டும். நிறைசுமையோடு செல்லும் பெரிய எண்ணெய்க் கப்பலின் பொறியை நிறுத்தினாலும், அது பல கிலோமீட்டர் ஓடிய பின்னரே ஓயும். 1967 மார்ச் 18ஆம் நாள், குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,19,000 டன் எண்ணெயோடு வந்த 'டோரி கேனியன்' என்னும் கப்பல், குறுக்கு வழியில் விரைந்து, இங்கிலாந்தின் தென்மேற்கே பாறைத் திட்டொன்றில் மோதிற்று. இங்கிலாந்து, பிரான்சு ஆகிய இரு நாட்டுக் கரைகளும் எண்ணெயால் கறுத்தன. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

சரி, ஒரு கப்பலை எவ்வாறு அடையாளம் காண்பது? பெயரை நம்பலாமா? ஜப்பானில் கட்டப்பெற்ற 'சீவைஸ் ஜயன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பலின் கதையைக் கேளுங்கள். அதன் நீளம் 458 மீட்டர். முழுச் சுமையேற்றினால் 24 மீட்டருக்கு மேல் நீரில் ஆழும். ஆதலால் சூயஸ் கால்வாய் வழியே அது செல்ல இயலாது. 1988இல் ஈராக்-ஈரான் போரில் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கிற்று. மீட்டெடுத்துச் செப்பனிட்டனர். பின்னர் 'ஹேப்பி ஜயன்ட்', 'யாரே வைக்கிங்', 'நாக் நெவிஸ்' எனப் பெயர்கள் மாறின. இறுதியில் 'மான்ட்' என்னும் பெயரோடு குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து, அங்கே உடைக்கப்பட்டது.

இத்தனை பெயர்களுக்கும் எண் ஒன்றே: 7381154. உரிமையாளர் மாறினும், கொடி மாறினும், கப்பலின் எண் மாறாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1987இல் ஏற்ற இம்முறை 1996 முதல் கட்டாயமாயிற்று. இவ்வெண்ணில் ஒரு நுட்பமும் உண்டு. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 124 வரும். அதன் கடைசி இலக்கம் 4; கப்பல் எண்ணின் கடைசி இலக்கமும் அதுவே. எழுதுவோன் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினால், கணக்கே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, இருப்பிடத்தை அறியும் வழியைக் காண்போம். 2004ஆம் ஆண்டு இறுதிக்குள் பெருங்கப்பல்கள் யாவும் தானியங்கி அடையாளக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. செயற்கைத் துணைக்கோள்களின் துணையால் கப்பல் தன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்து, வேகத்தோடும் திசையோடும் சேர்த்து, வானொலி அலைகளாற் பரப்புகிறது. ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறையும், நங்கூரமிட்டிருக்கும்போது மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறையும் இச்செய்தி வெளிப்படும். பூமி உருண்டையாதலின் கரையிலுள்ள நிலையங்களுக்கு அருகிலுள்ள கப்பல்களின் செய்தியே எட்டும்; நடுக்கடலிற் செல்வனவற்றின் செய்தியை வானிலுள்ள துணைக்கோள்கள் வாங்கிக்கொள்ளும்.

ஆயினும் இது கப்பல் தானே கூறும் செய்தி என்பதை மறத்தலாகாது. சேருமிடத்தையும் நீரில் ஆழ்ந்துள்ள அளவையும் மாலுமிகளே கையாற் பதிகின்றனர். பழைய பதிவை மாற்ற மறப்பதும் உண்டு. சிலர் வேண்டுமென்றே கருவியை அணைத்துவிடுவர். பொய்யான இருப்பிடத்தைப் பரப்புவாரும் உளர். அத்தகைய கப்பலைத் தேட, ரேடார் ஏந்திய துணைக்கோள்கள் உதவுகின்றன. அவை மேகத்தையும் இருளையும் ஊடுருவி, இரும்பு உடலைக் கண்டுவிடும். எண்ணெய் உள்ளதா, இல்லையா என்னும் ஐயத்தைத் தீர்க்க வேறொரு பழைய வழியும் இருக்கிறது. கப்பலின் முன்னும் பின்னும் தீட்டியுள்ள ஆழக் குறிகளை அருகில் நின்று படித்தால் போதும். வெறுங்கப்பல் உயர்ந்து நிற்கும், நிறைந்த கப்பல் தாழ்ந்து கிடக்கும்.