மூன்றாம் நாள் வலி

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று போனில் "ஒன்றுமில்லை மாமா, கழுத்து லேசாகப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாய். படுக்கையில் திரும்பும்போது தலையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் திருப்புகிறாய் என்று உன் அம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டதும் எனக்குக் கேட்டது. உன் அம்மா சொன்னதை வைத்தே எழுதுகிறேன்.

தலவாக்கலையில் கடை மூடி ஓட்டோவில் லிந்துலைக்கு வரும்போது பின்னால் கார் வந்து இடித்தது திங்கட்கிழமை. வலி கூடியது புதன்கிழமை. இந்தக் காயத்தின் குணமே அதுதான். பின்னால் இடிபடும்போது உடம்பு முன்னால் போகும், தலை ஒரு கணம் பின்தங்கி அப்புறம் சவுக்கு மாதிரி சொடுக்கும். ஓட்டோவில் தலையைத் தாங்க என்ன இருக்கிறது? பெரும்பாலும் எலும்பு நன்றாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. தசையும் தசைநாரும் வீங்கி இறுகுவதற்கு ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஆனால் கார்க்காரர் திங்கள் இரவே ஆப்பிள் பையோடு லயத்துக்கு வந்துவிட்டார். கூடவே பதினைந்தாயிரம் ரூபாயும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று டைப் அடித்த கடிதமும். நல்ல மனிதராகவே இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதே. உன் கழுத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று உனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

இதை நான் சும்மா சொல்லவில்லை. தோட்டத்து ஆபிஸில் நான் கிளாக்கராக இருந்த காலத்தில் லொறி புரண்டு விழுந்தேன். மறுநாளே இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். பிறகு சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் போனேன். நல்லெண்ணெய் தேய்த்தார், முட்டை வெள்ளைக்கருவில் பத்துப் போட்டார், அதுவரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. கடைசியில் தாடையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினார். இடது கைச் சுண்டுவிரல் ஒரு மாதம் மரத்துக் கிடந்தது. இன்றைக்கும் வலப்பக்கம் பஸ் வருகிறதா என்று பார்க்க நான் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். நீ சின்னப்பிள்ளையில் "மாமா ரோபோ" என்று சிரிப்பாயே, அது இதுதான்.

ஸ்காபரோ சித்தப்பா உன்னைக் கைரோப்ராக்டரிடம் போகச் சொன்னாராம், இன்சூரன்ஸ் கட்டும் என்றாராம். அவர் ஊருக்கு அது சரி. 1895இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர், காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்திக் காது கேட்க வைத்ததாகச் சொல்லித் தொடங்கிய வைத்தியம் அது. (காது கதையை நான் நம்பவில்லை. கழுத்து, முதுகு வலிக்குச் சிலருக்குச் சுகம் கிடைப்பது உண்மை.) அவர் இருக்கும் ஒன்ராறியோவில் பிழை யாருடையதாக இருந்தாலும் வாகனக் காப்புறுதியிலிருந்து சிகிச்சைச் செலவு கிடைக்கும். சிறு காயம் என்றால் 3,500 டொலர் வரை. நம்மூரில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே கார்க்காரர் கட்டாயம் எடுத்திருக்க வேண்டிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி உன் காயத்துக்கும் பொறுப்புத்தான். ஆனால் பிழை அவருடையது என்று காட்ட வேண்டும், செலவைத் தாளில் காட்ட வேண்டும். கொழும்பில் தனியார் கைரோப்ராக்டரிடம் போனால் ஒவ்வொரு தடவையும் உன் கையிலிருந்து கட்டிவிட்டு, திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பஸ் செலவு வேறு.

அதனால் முதலில் காசு கேட்காத இடத்துக்குப் போ. லிந்துலை ஆஸ்பத்திரியில் காட்டு. அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பினால் எக்ஸ்ரேயும் பிசியோதெரபியும் இலவசம். கை மரத்தால், பலம் குறைந்தால், தலை சுற்றினால், சிறுநீர் கட்டுப்படாமல் போனால் காலைவரை காத்திருக்காதே, உடனே போ. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரும் உன் கழுத்தைத் திருகக் கூடாது. டிகிரி வைத்தவரானாலும் சரி, எண்ணெய் போத்தல் வைத்தவரானாலும் சரி. அபூர்வமாகத்தான் நடக்கும், என்றாலும் திருகலில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். துவாயைச் சுற்றிக்கொண்டு அசையாமலும் உட்கார்ந்திருக்காதே. வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல அசைத்தால்தான் இறுக்கம் விடும்.

இனித் தாள் விஷயம். பொலிஸில் முறைப்பாடு பதிந்தாயா? இல்லையென்றால் நாளைக்கே போய்ப் பதி, இலக்கத்தை எழுதி வாங்கு. காரின் நம்பரும் காப்புறுதிக் கம்பனிப் பெயரும் அதில் இருக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவதற்கான படிவத்தையும் பொலிஸிடம் கேள். டிக்கட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, ஓட்டோ வாடகை, வேலைக்குப் போகாத நாள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போடு. நீதவான் நீதிமன்றத்தில் கார்க்காரர் கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். நீதவான் நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லலாம், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. சிவில் வழக்கு என்றால் விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 1871ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அப்படித்தான் சொல்கிறது. லோயருக்குக் காசில்லை என்று நினைக்காதே, சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இன்னொன்று, நீ வேலை முடிந்து வீட்டுக்கு வந்த வழியில் அடிபட்டாய். 2022 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. கடை முதலாளிக்கு இதைக் கடிதமாகவே எழுதிக் கொடு, ஒரு கொப்பி உன்னிடம் இருக்கட்டும். முகம் கோணுவார். கோணட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டன் பஸ்ஸில் வருகிறேன். கார்க்காரர் அதற்குள் மறுபடி வந்தால், மாமா வந்து பேசுவார் என்று மட்டும் சொல். காசையும் கடிதத்தையும் லாச்சியில் அப்படியே வை, தொடாதே. ஆப்பிளைச் சாப்பிடுங்கள், அழுகிவிடும்.

அன்புடன்,
மாமா